கோழிக்கால் முத்திரை போட்ட வாட்ச்

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்த நம் கைபேசிக் குழுவில் போன வாரம் ஒருவர் படம் ஒன்று போட்டிருந்தார். பேரன் ஆசைப்பட்டு வாங்கினானாம், பழைய மிலிட்டரி வாட்ச். கறுப்பு முகம், பச்சை எண்கள், காக்கித் துணி வார். நீங்கள் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. பொறாமையா என்று ஒருவர் கேட்டார். பொறாமை இல்லை ஐயா. அந்த மாதிரி வாட்சைப் பார்த்தால் எனக்கு எங்கள் சித்தியின் ஞாபகம் வருகிறது. காரணத்தைக் கைபேசியில் தட்டிச் சொல்ல முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டுச் சும்மா இருங்கள். பூங்கொத்துப் படம் அனுப்பாதீர்கள்.

எங்கள் அப்பாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பட்டுத் தறி நெய்தவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சினிமாகூடக் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு பட்டாளத்து வாட்ச். அமாவாசையன்று தெருவில் ஒரு தறியும் ஓடாது அல்லவா, அன்று மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்குவார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தாமல், மாகறல், தென்னேரி என்று எந்த ஊரில் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பட்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்து வாட்சை வாங்கி வருவார். சில நாள் என்னையும் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார்.

தாமல் ஏரிக்கரையில் ஒரு கிழவர் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளம். கையிலிருந்து வாட்சைக் கழற்றியவர், கொடுக்காமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சங்கடப்பட்டு, "வேணாங்க, நீங்களே வச்சிக்கோங்க" என்றார். கிழவர் சிரித்தார். "எடுத்துக்கினு போப்பா. நேரம் பாத்து நான் இன்னா பண்ணப் போறேன்? யாரு வரப்போறா?" என்றார். வாட்ச் இருந்த இடத்தில் அவர் மணிக்கட்டு வெளுத்துக் கிடந்தது. அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பழைய பிஸ்கட் டின்னில் கழிவுப் பட்டு நூலைப் பரப்பி, அதன்மேல் வாட்சுகளை அடுக்கிவைத்திருந்தார் அப்பா. தினமும் காலையில் தறியில் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுப்பார். எல்லாம் சேர்ந்து கறுக் கறுக்கென்று அரிசி கொறிக்கிற மாதிரிச் சத்தம் போடும். வாட்சின் முதுகுத் தகட்டில் அம்புக்குறி ஒன்று வெட்டியிருக்கும். அப்பாவுக்கு அது கோழிக்கால். "கோழிக்கால் இருந்தாத்தான்டா அசலு" என்பார். அதற்குக் கீழே நீளமாக ஒரு நம்பர்.

இந்த நம்பர்தான் எங்கள் குடும்பத்தின் தலையில் விழுந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் நெசவாளர் சொசைட்டி நம்பரைச் சொல்லவேண்டும். வெளியூர் போய்க் குடியேறிவிட்ட உங்களுக்கு மறந்திருக்கும். எங்கள் சொசைட்டியில் நெய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அந்த நம்பர் போட்ட சீட்டை முந்தியில் கட்டித் தொங்கவிடுவார்கள். எங்கே எந்தக் கடையில் அந்தப் புடவையை விரித்தாலும் இது இன்னாருடைய கை என்று சொல்லிவிடலாம். சாகிறவரைக்கும் ஒருவருடைய நம்பர் அவருக்குத்தான், இன்னொருவருக்குப் போகாது. தெருவில் ஆளையே நம்பரால் கூப்பிடுகிற வழக்கம் இருந்தது. அதனால் ஒரு பொருளின் மேல் நம்பர் இருந்தால் அது ஒரு மனிதனுடைய நம்பர் என்பதில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் சந்தேகமே வந்ததில்லை. வாட்சின் முதுகில் இருந்ததும் அதைக் கட்டியிருந்தவரின் பட்டாள நம்பர் என்றே அப்பா நம்பினார்.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. அப்பாவே தூக்கி வளர்த்த தம்பி. அவருக்கும் தறிதான் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் கால் நிற்கவில்லை. எப்போது பார்த்தாலும் பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டப்பகலில், நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழிக்குள் என்னை இறக்கி, மேலே கம்பளியைப் போட்டு மூடி, உள்ளங்கைக்குள் வாட்சை வைத்துக் காட்டியவர் அவர்தான். பச்சை எண்கள் இருட்டில் எரியும். "பாத்தியாடா, பூனைக் கண்ணு" என்பார். அவர் மூச்சில் வெற்றிலை வாசனை. குழிக்குள் ஈரமண் வாசனையும் பட்டுக் கஞ்சியின் புளிப்பும் கலந்து வரும். இத்தனை வயதுக்கு அப்புறமும் அந்த வாசனை எனக்கு மறக்கவில்லை, மறந்தால் நன்றாக இருக்கும்.

கல்யாணமான சூட்டோடு அவர் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். "உங்க டின்னுதான் அவன அனுப்பிச்சு வச்சிது" என்று அம்மா அப்பாவைக் குத்திக்காட்டினாள். அப்பா எழுந்து தறிக்குப் போய்விட்டார். சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சின்னப் பெண். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு; பழைய பாவின் நுனியில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலையில் தெருவிலேயே அவளுக்கு நிகர் கிடையாது. அவள் சேர்த்த பாவு நடுவில் அறுந்தது என்ற பேச்சே இல்லை. கல்யாணப் புடவைக்குப் பாவு ஏற்றுகிறவர்கள் அவளைத் தேடி வந்து கூட்டிப்போவார்கள். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பிப் போவாள்.

சித்தப்பா கடைசியாக லீவில் வந்தபோது அவர் கையில் பட்டாளம் கொடுத்த வாட்ச் இருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பரின் கடைசியில் ஏழு, ஏழு, ஏழு.

"டேய், மூணு ஏழு! உன் நம்பரு எப்பிடி அமைஞ்சிருக்குது பாரு."

சித்தப்பா சிரித்துக்கொண்டே "ஆமாண்ணா" என்றார். அண்ணன் பேச்சை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. பட்டாளத்துக்குத் திரும்புகிற அன்று அடுப்படியில் சித்தியிடம் அவர் சொன்னதை, பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த நானும் கேட்டேன். "இந்த வாட்ச்சுல நேரம் பின்னாடி போவுது. போன ஒடனே ஸ்டோர்ல குடுத்துட்டு வேற வாங்கிக்கணும். அண்ணங்கிட்ட சொல்லாத, சங்கடப்படும்" என்றார்.

அந்தக் கார்த்திகையில் எல்லையில் சண்டை வந்தது. சண்டை முடிந்து ஊரெல்லாம் பட்டாசு வெடித்து ஓய்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். "காணலன்னு போட்டிருக்குது. செத்துட்டாருன்னும் போடல, இருக்காருன்னும் போடல" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அப்பா யார் யாரையோ பிடித்து எழுதிப் போட்டார். பதில் வந்தபோதெல்லாம் அதே ஒரு வார்த்தைதான் இருந்தது.

நண்பர்களே, சாவு வீடு உங்களுக்குத் தெரியும். ஆள் காணாமல் போன வீடு தெரியுமா? அழ முடியாது, அழாமலும் இருக்க முடியாது. பொங்கலுக்குப் பானை வைக்கலாமா கூடாதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. என் அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணம் அப்படியே நின்றது. எங்கள் தெருமுனையில் பஸ் வந்து நிற்கும். நிற்கிற சத்தம் கேட்டதும் சித்தி விரலில் பிடித்திருந்த இழையை விட்டுவிட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். பஸ் கிளம்பிப் போகிறவரை பார்ப்பாள். அப்புறம் விட்ட இழையைத் தேடி எடுப்பாள். நாள் முழுக்க இப்படித்தான். அப்பா தறியில் உட்காருவார், குறுக்கிழை ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுப்பார், நெய்யமாட்டார்.

பங்குனியில் ஆற்காட்டு பாய் வந்தார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலத்தில் மூட்டையாக எடுத்து, கம்பளி, தண்ணீர்க் குடுவை, பெல்ட் என்று ஊர் ஊராக விற்கிறவர். வாட்ச் அகப்பட்டால் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுவருவார். விஷயம் தெரியாமல் அவர் பையைக் கவிழ்த்தார். அப்பாவும் பேச்சை மாற்றுவதற்காக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கோழிக்கால், கீழே அந்த நீளமான நம்பர், கடைசியில் மூன்று ஏழு.

"எங்க எடுத்த பாய் இத?"

"ஏலத்துல தான் தம்பி. ஏன், இன்னா ஆச்சு?"

அப்பா சுவரில் சாய்ந்து, சரிந்து உட்கார்ந்தார். அவர் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான். தம்பி கையிலிருந்து கழற்றின வாட்ச் தன் கைக்கே வந்துவிட்டது, இனி அவன் எங்கே வரப்போகிறான் என்று தலையில் அடித்துக்கொண்டார். பாய்க்கு முகம் செத்துவிட்டது. பையைக்கூட எடுக்காமல் வாசலில் போய் நின்றுகொண்டார்.

சித்தி அழவில்லை. கணவனுடைய அண்ணனுக்கு எதிரில் வந்து நின்று பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எது சொல்லவேண்டுமானாலும் அம்மா மூலமாகத்தான். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, மாமாகிட்ட சொல்லுக்கா. இது பின்னாடி போவுது, திருப்பிக் குடுத்துடப் போறேன்னு அவரு போவசொல்ல சொன்னாருக்கா. குடுத்துட்டு வேற வாங்கியிருப்பாரு. இத வச்சிக்கினு எப்பிடிக்கா சொல்றது?" என்றாள்.

அம்மா அப்பாவிடம் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "அவ ஒத்துக்க மாட்டேன்றா."

சித்தி சொன்னது முழுவதையும் நான் ஒரு எழுத்து விடாமல் அப்பாவிடம் ஒப்பித்தேன். கன்னத்தில் பளாரென்று விழுந்தது. "பொம்பளைங்க பொலம்பறத தூக்கிக்கினு வர்றியா?" என்றார். அம்மாவின் மேல் இன்றும் எனக்குக் கோபம் உண்டு. அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. அவளுக்கு மகள் கல்யாணம் நடக்கவேண்டும். அப்பாவுக்குத் தம்பியை அனுப்பிய பாரம் எங்கேயாவது இறங்கவேண்டும். நாட்டாண்மைக்காரருக்குத் தெருவில் ஒரு வீடு ரெண்டுங்கெட்டானாக நிற்பது பிடிக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. வாட்ச் வந்து அகப்பட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். அன்றிலிருந்து அப்பா அந்த வாட்சுக்கும் மற்றவற்றோடு சாவி கொடுத்தார். அது பின்தங்கியே ஓடியது. காலையில் சரியாக வைத்தால் சாயங்காலம் சொசைட்டி கடிகாரத்துக்குப் பின்னால் நிற்கும். அப்பாவே அதை எல்லாரிடமும் சொன்னார். "குண்டு அதிர்ச்சியில அடிபட்டிருக்குது" என்று சொன்னார். அது பின்தங்கியதால்தான் சித்தப்பா திருப்பிக் கொடுத்திருப்பார் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சித்திரையில் பாலாற்று மணலில் காரியம் நடந்தது. உடம்பு இல்லை என்பதால் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரிக் கட்டி, வாழையிலையில் கிடத்தினார்கள். கை என்று வைத்த இடத்தில் அந்த வாட்சைக் கட்டினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா பழக்கதோஷத்தில் அன்று காலையிலும் அதற்குச் சாவி கொடுத்திருந்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்தித் தண்ணீர் குடித்த நேரத்தில் அந்தச் சின்னச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. வினாடி முள் புல்லின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

சித்தியைப் பூவும் பொட்டுமாக, கை நிறைய வளையலோடு உட்காரவைத்திருந்தார்கள். எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. நேராக அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, ஓடிக்கினு இருக்குது பாருங்க மாமா. உங்க கண்ணுக்குத் தெரியலியா? அவரு இத குடுத்துட்டாரு மாமா. இது அவரு இல்ல!"

அவள் அப்பாவிடம் நேருக்கு நேர் பேசியது அந்த ஒரு முறைதான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நாலு பெண்கள் அவளை இழுத்துப்போய் உட்காரவைத்து, கையோடு கை மோதி வளையலை உடைத்தார்கள். மணலில் பச்சை வளையல் துண்டு கிடந்து மின்னியது. ஒன்றை நான் எடுக்கப் போனேன், அம்மா தட்டிவிட்டாள். அவசரமாக ஒருவர் வாட்சை அவிழ்த்துக்கொண்டு புல்லுக்கு நெருப்பு வைத்தார்.

அதோடு எல்லாம் சீராகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வைகாசியில் கருடசேவைக்குக் கூட்டம் வந்தது, எங்கள் வீட்டிலும் நீர்மோர் ஊற்றினார்கள். அக்காவின் கல்யாணப் புடவைக்காகத் தறியில் ஏறியிருந்த பாவு, சித்தி முன்னமே சேர்த்துவைத்தது. தாலியறுத்தவள் கைபட்ட பாவில் முகூர்த்தப் புடவையா என்று ஒருவர் கேட்டார். அவ்வளவு பேரும் பார்க்க அதை வெட்டி எடுத்துவிட்டு, வேறொரு பெண்ணைக் கொண்டு வேறு பாவு சேர்த்தார்கள். சித்தி பின்கட்டிலிருந்து அந்தக் கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டாள். அதற்குப் பிறகு பாவு சேர்க்க வாருங்கள் என்று அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த விரல்களை வைத்துக்கொண்டு அவள் வெறுமனே நூல் சுற்றினாள்.

தெருமுனையில் பஸ் நிற்கும். சித்தி திரும்பமாட்டாள். "தேறிட்டா" என்று அம்மா நிம்மதியாகச் சொன்னாள்.

அப்பா அதற்கப்புறம் ஒரு வாட்சும் வாங்கவில்லை. ஆற்றில் அவிழ்த்த வாட்சோடு டின் பரணுக்குப் போனது. சித்தியின் அண்ணன் வந்து அவளை மாகறலுக்குக் கூட்டிப்போனார். காலப்போக்கில் அப்பாவும் அம்மாவும் இறந்துபோனார்கள். டின் மட்டும் என்னிடம் வந்தது.

இந்த வருஷம் என் மருமகனுடைய சிநேகிதன் ஒருவன் சென்னையிலிருந்து வந்தான். பழைய மிலிட்டரி வாட்ச் சேர்க்கிற பிள்ளை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு டின்னில் இருந்த ஒவ்வொன்றையும் கொஞ்சினான். மூன்று ஏழு வாட்சை எடுத்தபோது, இது எங்கள் சித்தப்பாவின் நம்பர் என்றேன்.

"அங்கிள், இது ஆளோட நம்பர் கிடையாது. வாட்ச்சோட நம்பர். ஸ்டோர்ல இருந்து ஒருத்தருக்கு இஷ்யூ பண்ணுவாங்க. அவரு ரிட்டர்ன் பண்ணா ரிப்பேர் பண்ணி இன்னொருத்தருக்குக் குடுப்பாங்க, இல்லன்னா ஒதவாதுன்னு கழிச்சு ஏலத்துல தள்ளிடுவாங்க. உங்க அங்கிள் இத கட்டிக்கிட்டுக் காணாமப் போயிருந்தா இது ஏலத்துக்கே வந்திருக்காதே" என்றான். சொல்லிவிட்டு அடுத்த வாட்சை எடுத்துக்கொண்டான். அவனுக்கு அது ஒரு சாதாரண விவரம். 

மறுநாளே மாகறலுக்குக் கிளம்பினேன். சித்தியிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று இருந்தது. ஊரே சேர்ந்து அவள் வாயை அடைத்தது, ஒருவராவது போய் நீ சொன்னதுதான் சரி என்று சொல்லவேண்டாமா? பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒருவிதமான வேகம்கூட இருந்தது, என்னவோ தீர்ப்பை வாங்கிக்கொண்டு போகிறவன் மாதிரி.

கோயில் தெருவில் அவளுடைய அண்ணன் மகன் வீடு. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் மங்கியிருந்தது, காது நன்றாகக் கேட்டது. என் குரலைக் கேட்டதும் "வாப்பா, சாப்ட்டியா?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பரைச் சொன்னேன், ஸ்டோரைச் சொன்னேன், ஏலத்தைச் சொன்னேன்.

"அன்னிக்கு ஆத்துல நீ சொன்னதுதான் சித்தி சரி. அது அவரு கையில இருந்து வந்தது இல்ல. எங்க அப்பா தப்பு பண்ணிட்டாரு."

 சித்தியின் விரல்கள் மடியில் எதையோ முறுக்குவதுபோல அசைந்தன.

"அப்ப அவரு சாவலையாப்பா?"

"அது தெரியாது சித்தி. வாட்ச்ச வச்சி சொன்னது தப்பு. அவ்ளோதான் தெரியும்."

"அவ்ளோதான் தெரியுமா?"

"ஆமா."

"இத ஏம்பா வந்து சொன்ன?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அன்னிக்கு நான் நம்பல. ரொம்ப நாளு நம்பல. கண்ண மூடினா வந்து நிப்பாரு. அப்புறம் முடியல. உங்கப்பா சொன்னாரே, அதையே கெட்டியா புடிச்சிக்கினேன். செத்துட்டாருன்னு நெனச்சப்புறம்தான்பா எனக்குத் தூக்கமே வந்துச்சு. இப்ப வந்து அதுவும் இல்லன்ற. நான் இனிமே யார போயி கேப்பேன்?"

 தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள், குடித்தேன். வந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. அந்தப் பிள்ளையை டின்னைத் திறக்கவிட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

வெளியே கோயிலருகே சாயங்கால பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சித்தி பேச்சை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். பஸ் கிளம்பிப் போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.